முதல் தாரத்துப் பிள்ளைகள்

அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்த மூன்று வீடுகளில் கடைசி வீடு மிஸ்ஸுடையது. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு சூடாக்கிக் கொடுத்து, மருந்தை விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பது என் வேலை. அதற்கு முன் பதினாறு வருடம் மொன்றியல் விமான நிலையம் இருக்கிற டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கினேன். முதுகு போன பிறகு இதற்கு வந்தேன். முதுகுக்கு இது சுகமான வேலை என்று சொன்னவர்கள் ஒரு பெரிய உடம்பைக் குளியல் தொட்டியிலிருந்து ஒருநாளும் தூக்கியிருக்க மாட்டார்கள்.

காலையில் கோட்-டெ-நேஜில் ஒரு வீடு. பத்து மணிக்கு லஷீனில் ஒரு வீடு. பிறகு டோர்வலில் பஸ் மாறி, ஏரிக்கரைப் பக்கம் மிஸ்ஸிடம். போய்ச் சேர ஒரு மணியாகும். அவருக்கு எண்பத்தெட்டு வயது. கலியாணம் செய்யாதவர். பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்து ஓய்வு பெற்றவர் என்பதால், ஊர்ப் பழக்கத்தில் அவரை மிஸ் என்றே கூப்பிட்டேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. தகப்பன் வழியில் ஸ்கொட்லாந்துக்காரர். கண்பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. முகத்தை ஒருபக்கம் திருப்பி ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். அதனால் என்னோடு பேசும்போதெல்லாம் சுவரோடு பேசுவதுபோல் இருக்கும்.

முதல் நாளே கேட்டார்: "உன் கையெழுத்து எப்படி?"

"ஊரில் சங்கக்கடைக் கரும்பலகையில் சாமான் பெயரெல்லாம் எழுதினது நான்தான்."

"பெரிய எழுத்தா?"

"ரோட்டில் நின்று வாசிக்கலாம்."

அது போதும் என்றார். அவருக்கு ஒரு வேலை பாக்கியிருந்தது. வன்கூவரில் ஒரு மருமகன், சகோதரனின் மகன், இருக்கிறான். அவனுக்குக் கொடுக்கத் தங்கள் குடும்பத்தின் வம்சாவளியை ஒரே தாளில் வரைந்து முடிக்க வேண்டும். நாற்பது வருடமாகத் தேடிச் சேர்த்த கடதாசிகள் ஏழு பெட்டிகளில் இருந்தன. வரைய உட்கார்ந்தபோது கண் போய்விட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுவதும் வெள்ளைத் தாள் ஒட்டினோம். நான் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பேன். எங்கே கோடு போக வேண்டும் என்று அவர் சொல்வார். தடித்த கறுப்பு மாக்கரால் நான் எழுதுவேன். பகல் சாப்பாட்டுக்கும் அவருடைய தூக்கத்துக்கும் இடையில் தினமும் ஒரு மணித்தியாலம். அது என் வேலைப் பட்டியலில் இல்லை. ஆனால் இருந்து செய்கிற வேலை. அந்த ஒரு மணித்தியாலம் என் கால்கள் சும்மா இருந்தன. உண்மையில் அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

தாளின் உச்சியில் ஓர் அரசி. பதினான்காம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தை ஆண்ட ஓர் அரசனின் இரண்டாம் தாரம் அவள். வடக்கே பெரிய பிரபு ஒருவனின் மகள். முதலில் இன்னொரு பிரபுவைக் கட்டியிருந்தாள். அவன் இங்கிலாந்துக்காரரோடு நடந்த சண்டையில் செத்துப்போனான். பிள்ளை இல்லை. ஒன்பது வருடம் விதவையாக இருந்துவிட்டு, மனைவியைப் பறிகொடுத்திருந்த இவனைக் கட்டினாள். அப்போது இவன் அரசனல்ல. பதினாறு வருடம் கழித்துத்தான் நாடு இவன் கைக்கு வந்தது. இவளுக்கும் முடி சூட்டினார்கள்.

"முடி எங்கள் அரசிக்கு. நாடு மற்றவளின் பிள்ளைகளுக்கு," என்று மிஸ் சொல்வார். அறுநூறு வருடத்துக்கு மேற்பட்ட கோபம் அது. சூப் ஊட்டும்போதும் அதைச் சொல்வார்.

அந்த மற்றவள், முதல் தாரம், புருஷன் அரசனாகும் முன்பே இறந்துபோனாள். அவளுக்குப் பத்துப் பிள்ளைகள். ஒன்பது என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். மிஸ் பத்தை எடுத்துக்கொண்டார். சிக்கல் என்னவென்றால், அவளும் அவனும் சொந்தக்காரர்கள். அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டப்படி கட்டமுடியாத அளவு கிட்டின சொந்தம். இருந்தும் சேர்ந்து வாழ்ந்து, பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். பிறகுதான் பாப்பரசருக்கு எழுதிப்போட்டு அனுமதிக் கடிதம் எடுத்தார்கள். கடிதம் வந்த பிறகு முறைப்படி கலியாணம். பிறந்த பிள்ளைகளும் முறையான பிள்ளைகள்தான் என்று அந்தக் கடிதமே சொல்லிவிட்டது. பின்னாளில் நாட்டின் சபை கூடி, முடி முதலில் முதல் தாரத்து ஆண்பிள்ளைகளுக்கு, அவர்கள் வழி அற்றுப்போனால் மட்டும் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்கு என்று வரிசை எழுதிவைத்தது.

"வரிசையின் கடைசியில் எங்களை நிற்க வைத்தார்கள்," என்றார் மிஸ்.

அரசிக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மிஸ்ஸின் குடும்பம் மூத்தவனின் ஒரே மகளின் வழியில் வந்தது. இளையவன் கிழவனான பிறகு, முதல் தாரத்துத் தமையன் ஒருவனின் மகனாகிய அரசனைக் கொல்லும் சதியில் சேர்ந்தான் என்று சொல்லி அவனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். நான் அதை வாசித்தபோது மிஸ், "அவனுடைய பெயரைச் சிறிதாக எழுது," என்றார்.

முதல் தாரத்துப் பிள்ளைகளை வரைகிற நாள் வந்தது. முறையான பிள்ளைகளுக்கு நேர்க்கோடு, முறையில்லாதவர்களுக்குப் புள்ளிக்கோடு என்பது அவருடைய விதி.

"பத்துப் பேருக்கும் புள்ளிக்கோடு போடு."

"தாயும் தகப்பனும் பிறகு கட்டினவர்கள்தானே, மிஸ்?"

"பிறகு. பிள்ளைகள் முதலில்." பிறகு ஓர் இங்கிலிஷ் சொல் சொன்னார். டோர்வலில் லொறிக்காரர் வாயில் மட்டுமே நான் கேட்டிருந்த சொல். மிஸ் அதை வசையாகச் சொல்லவில்லை. லத்தீன் பாடத்தில் ஒரு வேற்றுமை உருபைச் சொல்வதுபோல் சொன்னார்.

நான் குனிந்து புள்ளி வைத்தேன். ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று புள்ளி. ஐந்தாவது பிள்ளையில் கை வலித்தது. நிறுத்தி, விரல்களை நீட்டி மடக்கி, மறுபடி தொடங்கினேன். எனக்கு அழுகை வரவில்லை. பஸ் மாறி வீட்டுக்குப் போகிற தூரம்தான் நினைவில் நின்றது.

நானும் ஒரு முதல் தாரத்துப் பிள்ளை. அம்மாவுக்கு அப்பா தாலி கட்டியது வீட்டு விறாந்தையில், பத்துப் பேர் முன்னால். அம்மா இலை போட்டுச் சோறு பரிமாறினாள். அவர் சாப்பிட்டார். அத்தோடு கலியாணம் முடிந்தது. பதிவு இல்லை. எங்கள் பக்கத்தில் அப்போது பலர் அப்படித்தான் செய்தார்கள். நான் பிறந்து ஆறு வருடத்தில், அரசாங்க உத்தியோகத்திலிருந்த அப்பாவுக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தது. அங்கே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்தார். அந்தப் பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் எங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு எங்களிடம் இரண்டு தரம் வந்தார். ஒரு தரம் எனக்குச் சப்பாத்து வாங்கி வந்தார். அது சிறிதாக இருந்தது. அம்மாவின் கலியாணம் கலியாணமே இல்லை என்று ஊரில் பேசத் தொடங்கினார்கள். அம்மா தாலியைக் கழற்றவுமில்லை, அதைப் பற்றிக் கதைக்கவுமில்லை.

அப்பாவின் மற்றக் குடும்பத்தில் ஒரு மகனும் இரண்டு பெண்களும். பெண்கள் லண்டனில். மகன் மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் இருக்கிறான். துறைமுகத்திலிருந்து கொள்கலன் பெட்டிகளை ஏற்றிப்போகிற லொறி ஓட்டுகிறான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவனாகவே என் நம்பரைத் தேடி எடுத்து, ஒரு சனிக்கிழமை என் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு கேக் பெட்டி. "நான் உங்கடை தம்பி," என்றான். அவனுடைய மூக்கு என்னுடைய மூக்கு. உள்ளே வரச் சொன்னேன். வேறென்ன செய்வது? வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் வருவான், பொங்கலுக்குக் கட்டாயம் வருவான். தன் தாய்க்கு மட்டும் சொல்லியிருக்கவில்லை.

பெப்ரவரியில் ஒருநாள், மிஸ்ஸின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மேற்சட்டைப் பையில் போன் அடித்தது. முடித்துவிட்டு எடுத்தேன்.

"அக்கா, அப்பா மோசம் போட்டார்," என்றான் தம்பி.

"எப்ப?"

"அங்கை விடியப்புறம். நித்திரையிலை." பிறகு, "பின்னேரம் உங்கடை வீட்டை வாறன்," என்றான்.

நான் மிஸ்ஸுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மருந்து கொடுத்தேன். அன்றைக்குரிய இரண்டு தலைமுறையையும் எழுதினேன்.

தம்பிக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. விமானத்தில் போக வைத்தியர் விடவில்லை. ஒரே மகன், தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. என் வீட்டில் உட்காரவும் முடியாமல், கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றான். தேத்தண்ணி கொடுத்தேன். நின்றபடியே குடித்தான்.

"அறிவித்தல் போடவேணும் அக்கா. லண்டனிலை இருந்து தங்கச்சியவை எழுதி அனுப்பியிருக்கினம். நான்தான் குடுக்கிறது. உங்களை ஒருக்காக் கேக்காமல் குடுக்க எனக்கு மனம் இல்லை."

எங்கள் ஆட்கள் மரண அறிவித்தலை எப்படி எழுதுவார்கள் என்று தெரியும்தானே. இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், இன்னாரின் அன்புத் தந்தை, மாமன், மைத்துனன், பாட்டன் என்று ஒரு குடும்பம் முழுவதும் அதில் வரிசையாக வந்துவிடும். இணையத்தில் அதை வாசிக்கிறவர்கள் செத்தவரைவிட அந்த வரிசையைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள்.

தம்பி போனைப் பார்த்து வாசித்தான். கணவர் என்ற இடத்தில் அவனுடைய தாயின் பெயர் மட்டும். தந்தை என்ற இடத்தில் மூன்று பிள்ளைகள்.

"உங்களையும் போடத்தான் வேணும் எண்டு நான் சொன்னனான். தங்கச்சியவை சொல்லுகினம்..." நிறுத்தினான். "பெறாமகள் எண்டு போடலாமாம்."

பெறாமகள் என்றால் எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவர்களின் மகள். பெறாத மகள்.

"என்னை அவர் பெத்தவர்தானே, தம்பி," என்றேன்.

"ஓம் அக்கா."

"பேந்தென்ன?"

"அம்மா இருக்கிறா. எண்பது வயசு. அவவுக்கு இப்ப இதைச் சொல்லி..." கையை விரித்தான்.

நான் கோபப்படவில்லை. கோபத்துக்கும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழும்பினவள், மூன்று பேரைக் குளிப்பாட்டியவள்.

"மகள் எண்டு போடு. என்ரை அம்மாவின்ரை பேரையும் போடு. இல்லாட்டி ஒண்டும் போடாதை. பெறாமகள் மட்டும் வேண்டாம்."

"மாமியின்ரை பேர் ஏலாது, அக்கா." என் அம்மாவைத் தம்பி மாமி என்றுதான் சொல்வான். அவனுக்கு வேறு முறை தெரியவில்லை.

"அப்ப விடு. போய்ப் படு. உனக்கு நோகுது."

போகும்போது வாசலில் சப்பாத்துப் போடக் குனிய முடியாமல் நின்றான். நான் குனிந்து போட்டுவிட்டேன்.

மறுநாள் மிஸ் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் போன் அடித்தது. என்னோடு படித்தவள், இப்போது டொரொன்டோ பக்கம் இருக்கிறாள். வருடக்கணக்காகப் பேசியதில்லை.

"எடியே, அப்பா மோசம் போட்டாராம். இப்பதான் பாத்தன். உன்ரை பேர்தான் முதலிலை கிடக்கு."

நான் அடுத்த தரிப்பில் இறங்கி, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று போனைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். அன்புத் தந்தை என்ற இடத்தில் முதல் பெயர் என்னுடையது. அடைப்புக்குள் மொன்றியல் என்றும் இருந்தது. அம்மாவின் பெயர் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். என் பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே இடத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், தெரியவில்லை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது. விரல்கள் மரத்துப்போயின. அம்மா இல்லாமல் நான் எங்கிருந்து வந்தேன் என்று அதை வாசிக்கிறவர்கள் நினைப்பார்கள்?

மிஸ் வீட்டுக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன். அன்றைக்குப் போன் ஐந்து தரம் அடித்தது. ஆறாவது தரம் மிஸ், "என்ன நடக்கிறது?" என்று கேட்டார்.

"என் அப்பா செத்துப்போனார், மிஸ்."

"எப்போது?"

"நேற்று."

"ஏன் வேலைக்கு வந்தாய்?"

அதற்குப் பதில் சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது. "நான் அவருக்குப் புள்ளிக்கோட்டுப் பிள்ளை," என்றேன். பிறகு சோறு பரிமாறிய கலியாணத்தையும், வவுனியாவையும், அறிவித்தலையும் சொன்னேன். என் இங்கிலிஷில் சொல்ல அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

மிஸ் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் என்னைத் தேடினார்.

"பிறகாவது கடிதம் வந்ததா? பதிவு?"

"இல்லை."

"அப்படியானால்..." என்று தொடங்கி நிறுத்தினார். அவருடைய விதிப்படி மிச்சத்தை எனக்குத் தெரியும். பிறகு, "அது வேறு. அங்கே ஒரு நாடு இருந்தது," என்றார். அதையும் பாதிக் குரலில்தான் சொன்னார்.

நான் பெட்டியிலிருந்து அடுத்த கடதாசியை எடுத்தேன். தற்செயலாக அது அரசியைப் பற்றியது. அவளுடைய செத்துப்போன முதல் புருஷனும் அரசனும் கிட்டின சொந்தமாம். ஆகவே அவளைக் கட்டவும் பாப்பரசரின் அனுமதிக் கடிதம் வேண்டியிருந்ததாம். வாசித்து முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"தெரியும்," என்றார் மிஸ். "எங்களுடையது கலியாணத்துக்கு முன்பே வந்துவிட்டது."

பிறகு, "உன் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போ. மருந்தை நானே எடுப்பேன்," என்றார்.

"போத்தல் எது என்று உங்களுக்குத் தெரியாது, மிஸ்."

"தெரியாது," என்று ஒத்துக்கொண்டார். நான் நேரம் முடியும்வரை இருந்தேன். அன்றைக்கு நாங்கள் வரையவில்லை. எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கச் சொல்லி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் இருந்தார்.

பின்னேரம் தம்பி எடுத்தான். "அக்கா, மாத்திப்போட்டன். உங்கடை பேரை எடுத்தாச்சு. தங்கச்சியவை அழுதவை. அம்மா அந்தப் பேர் ஆரெண்டு கேட்டு நேற்றிலிருந்து சாப்பிடேல்லையாம்."

"சரி."

"கோவிக்கிறியளோ?"

"இல்லை. காலமை ஒருக்காப் பாத்தனான்தானே."

அவன் அழுதான். நாற்பத்தொன்பது வயது ஆள். நான் போனைக் காதில் வைத்தபடி சமையலறையில் நின்றேன். அடுப்பில் பருப்பு பொங்கியது. அடுப்பைக் குறைத்தேன்.

மிஸ்ஸின் வம்சாவளிப் படம் மார்ச் முதல் கிழமையில் முடிந்தது. கடைசிப் பெயர் மருமகனின் மகளுடையது. புள்ளிக்கோடுகள் புள்ளிக்கோடுகளாகவே இருந்தன. அதை மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரேயொரு காரியம் செய்யச் சொன்னார். முதல் தாரத்துப் பிள்ளைகளை வெறும் கோடுகளாக விட்டிருந்தோம். ஒருநாள் அவர்களின் பெயர்களைத் தேடி எடுக்கச் சொல்லி, "எழுது. இடம் இருக்கிறதுதானே," என்றார். இடம் அவ்வளவாக இருக்கவில்லை. நெருக்கி எழுதினேன்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தம்பி ரொக்ஸ்பரோ வீட்டில் ஐயரை அழைத்துச் செய்தான். என்னைக் கட்டாயம் வரச் சொன்னான். நான் போய், அவன் மனைவியோடு சமையலறையில் நின்றேன். வாழைக்காய் சீவினேன். வந்தவர்களில் சிலர் என்னைப் பார்த்தார்கள். ஒருவர், "தங்கச்சி எவடம்?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். மேலே கேட்க வாயெடுத்தவர் தம்பியின் மனைவி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது தம்பி தாயோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தான். அப்பாவின் படத்தையும் படையலையும் காட்டினான். சாப்பிடுகிறவர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்துவிட்டான். நான் ஒதுங்குவதற்குள் போன் என் முகத்துக்கு நேரே நின்றது.

வெள்ளைச் சேலை. மெலிந்த முகம். நான் கற்பனையில் வைத்திருந்த பெண் உயரமானவள், நகை போட்டவள். இது ஒரு கிழவி.

"ஆரது?" என்றார்.

தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்தான். "அக்கா," என்றான்.

அவர் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"தாய் இருக்கிறாவோ?"

"செத்துப்போனா," என்றேன். அவரோடு நான் பேசிய முதல் சொல் அது.

"எப்ப?"

"பதினொரு வருசம்."

"அவருக்குத் தெரியுமோ?"

"அறிவிச்சனாங்கள். கடிதம் போட்டனான்."

அவர் வாயைச் சேலைத் தலைப்பால் மூடினார். "எனக்குச் சொல்லேல்லை," என்றார். "ஒண்டுமே சொல்லேல்லை அந்த மனுசன்." பிறகு போனுக்கு அப்பால் யாரோ கூப்பிட, தலையைத் திருப்பினார். இணைப்பை அவர்கள்தான் துண்டித்தார்கள்.

தம்பி போனைப் பைக்குள் வைத்தான். இருவரும் வாசலில் நின்றோம். நான் என்ன நினைத்தேன் என்றால், அவருக்கும் தூக்கம் வராது இனி. அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

"நான் கொண்டுபோய் விடுறன் அக்கா," என்றான்.

"நீ இன்னும் கார் ஓடக்கூடாது. ஸ்டேஷன் கிட்டத்தானே."

தம்பியின் மனைவி மூன்று பெட்டியில் சாப்பாடு கட்டித் தந்தாள். வெளியே பனி உருகித் தெரு முழுவதும் சேறு. பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தேன். ரயிலில் சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்குக் கோட்-டெ-நேஜில் வேலை.